கில்ட்டாசன விசாரம்: உத்தியோகஸ்தருக்கு ஓர் ஆராய்ச்சி

ஆராய்ச்சி என்று பெயர் வைத்துக்கொண்ட எந்தக் கட்டுரையும் தன் விஷயத்தைத் தொடுவதற்கு முன்பாக, இவ்விஷயத்தை இதுகாறும் ஒருவரும் தொடவில்லையே என்று வருந்துவதும், அவ்வருத்தத்துக்கு நடுவிலேயே தொட்டவர்கள் அனைவரையும் கண்டிப்பதும் பண்டித உலகத்தின் சம்பிரதாயமாக இருந்துவருகிறபடியால், நானும் அதை மீறத் துணியாமல் முதலிலேயே வருந்திவிடுகிறேன். ஸ்காட்லாந்து தேசத்து ஆடவர் இடுப்பில் உடுத்தும் கில்ட் என்னும் வஸ்திரத்தைப் பற்றி, அதன் உற்பத்தி, டார்ட்டன் என்னும் அதன் கட்டங்கள், அதன் மடிப்புகள், அதற்குள்ளே என்ன இருக்கிறது என்னும் ரகசியம் ஆகியவற்றையெல்லாம் அலசி எழுதிய கிரந்தங்கள் ஏராளம். ஆனால் அந்த வஸ்திரத்தை உடுத்திக்கொண்டு ஓர் ஆடவன் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தன் காரியாலயத்துக்குள் நுழைந்து, சுழல் நாற்காலியில் அமர்ந்து, மாலை ஐந்து மணிக்கு மானத்தோடு எழுந்திருப்பது எப்படி என்பதைப் பற்றி நம் அறிஞர் பெருமக்கள் சாதித்திருக்கும் மௌனம் சாதாரண மௌனம் அல்ல.

நூலுக்கு அதிகாரி, விஷயம், சம்பந்தம், பிரயோஜனம் என்னும் நான்கையும் தொடக்கத்திலேயே சொல்லவேண்டும் என்பது சாஸ்திர விதி. இந்நூலுக்கு அதிகாரி, வேலைக்குக் கில்ட் உடுத்திப் போக விரும்பும் உத்தியோகஸ்தனும், அவனை வாசலிலே நிறுத்திக் கேள்வி கேட்கும் மேலதிகாரியும். விஷயம், கில்ட். சம்பந்தம், அதற்கும் இடுப்புக்கும் உள்ள சம்பந்தம். அது நழுவாதிருக்கத் தோல் வாரும் பக்கிளும் உண்டு. பிரயோஜனம் போகப்போகத் தெரியவரும்; தெரியாவிட்டால் அது வாசகரின் பூர்வ கர்மம்.

வஸ்திரத்தின் லக்ஷணம் வருமாறு. கனமான கம்பளித் துணியில் ஏறக்குறைய எட்டு கஜம் எடுத்து, முன்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி தட்டையான இரண்டு மடல்களை விட்டு, மீதித் துணி முழுவதையும் பின்புறத்தில் மடிப்பு மடிப்பாக அடுக்கித் தைத்துவிட்டால் கில்ட் ஆயிற்று. நம் பாட்டிமார் உடுத்திய மடிசாருக்கு இது ஒரு கஜமே குறைவு என்பதைக் கணக்கில் வல்லவர்கள் கவனித்திருப்பார்கள். விளிம்பு முழங்காலின் நடுவில் நிற்கவேண்டும். அதற்கு மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் இலக்கண வழு. மேல் மடலின் கீழ்க்கோடியில் ஒரு கனத்த ஊசி குத்தப்படும். இரண்டு மடல்களையும் சேர்த்துப் பிடிப்பதற்காகவே அந்த ஊசி ஏற்பட்டது என்று அனுமானித்து இரண்டையும் சேர்த்துக் குத்துகிறவன் முதன்முறை கால் அகட்டும்போதே துணியைக் கிழித்துக்கொண்டு, பிரத்யக்ஷப் பிரமாணம் அனுமானத்தைவிட வலிது என்னும் உண்மையை அறிந்துகொள்வான். பை வைத்துத் தைக்கும் வழக்கம் இல்லாமையால், ஸ்போரன் என்னும் தோற்பை ஒன்று சங்கிலியில் கோக்கப்பட்டு முன்னே தொங்கும்.

இனி உற்பத்தி. ஆதிகாலந்தொட்டே ஸ்காட்லாந்து மலைநாட்டார் இதைத்தான் உடுத்தினார்கள் என்பது ஒரு சாரார் கொள்கை. அதற்கு ஆதாரம், அவர்கள் அவ்வாறு சொல்வது. வேட்டியே கடல் கடந்து போய்க் குளிருக்காகக் கம்பளியாக மாறியது என்று நம்மவருள் ஒரு சாரார் சொல்லக்கூடும்; அவர்கள் எதைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்கள். மூன்றாவது கொள்கை ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும். ஏனெனில் அதில் ஒரு தொழிற்சாலை வருகிறது.

மலைநாட்டார் முதலில் உடுத்தியது இன்றைய கில்ட் அன்று. நீண்ட கம்பளித் துணி ஒன்றை இடுப்பில் கொசுவி, வாரினால் கட்டி, எஞ்சியதைத் தோளின்மேல் போட்டுக்கொள்ளும் பெரிய உடுப்பு அது; இரவில் அதுவே போர்வை. 1720-களில் லங்காஷயரிலிருந்து தாமஸ் ராலின்ஸன் என்னும் க்வேக்கர் சமயத்து இரும்பு வியாபாரி ஒருவர் மலைநாட்டு இன்வர்காரிக்கு வந்து, கிளென்காரி என்னும் குலத்தின் தலைவருடைய காட்டை விறகுக்காகக் குத்தகைக்கு எடுத்து, அங்கே இரும்புலை ஒன்றை நிறுவினார். மரம் வெட்டவும் உலைக்கு முன்னே நிற்கவும் அந்த முழு உடுப்பு தொழிலாளிகளுக்கு இடைஞ்சலாக இருப்பதைக் கண்டு, மேற்பாதியை நீக்கிக் கீழ்ப்பாதியை மட்டும் மடிப்போடு தைக்கச் செய்தார், தாமும் உடுத்தினார், கிளென்காரித் தலைவரும் உடுத்தினார், அதைப் பார்த்து ஊரே உடுத்தியது. இப்படிச் சொல்லும் கடிதம் ஒன்று 1785-ல் எடின்பரோவில் ஒரு பத்திரிகையில் அச்சாயிற்று. அதற்கு முன்பே சிறு கில்ட் இருந்தது என்று மறுப்பவர்களும் உண்டு. அவர்கள் மறுப்பில் வலுவும் உண்டு. ஆனால் கடிதம் மெய்யாயின் விளைவு விசித்திரமானது: மலைநாட்டு வீரத்தின் சின்னம் என்று உலகம் கொண்டாடும் வஸ்திரம், ஆலை முதலாளி ஒருவர், அதிலும் ஓர் ஆங்கிலேயர், வேலை விரைவாக நடக்கவேண்டி ஏற்படுத்திய தொழிலாளிச் சீருடையாகிவிடுகிறது.

இந்தக் கதையை எடுத்து உலகறியச் செய்தவர் ஹ்யூ ட்ரெவர்-ரோப்பர் என்னும் பெரும் சரித்திராசிரியர். ஸ்காட்லாந்தாரின் தொன்மையெல்லாம் நேற்று நெய்த துணி என்று அவர் நிலைநாட்டிய கட்டுரை 1983-ல் புத்தகம் ஒன்றில் வெளிவந்தது. அதே 1983-ல்தான் ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று சொல்லி ஜெர்மானியப் பத்திரிகை ஒன்று விலை கொடுத்து வாங்கிய காகிதக் கட்டை மெய்யென்று அவர் சான்று கொடுத்தார். சின்னாட்களில் அது முழுப் பொய் என்று ரசாயனப் பரீட்சையில் வெளிப்பட்டது. போலியைக் கண்டுபிடிக்கும் கலையில் ஒருவருக்கு ஒரு வருஷத்தில் ஒரு வெற்றிதான் என்று விதி இருக்கிறது போலும்.

அரசுக்கு எதிராகக் கலகம் செய்த மலைநாட்டார் குலோடன் போரில் தோற்ற 1746-ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ் பாராளுமன்றம், அவர்களுடைய உடை இருக்கிறவரையில் கலகமும் இருக்கும் என்று கருதி, ஆடவரும் சிறுவரும் அதை அணிவது குற்றம் என்று சட்டம் செய்தது. முதல் முறைக்கு ஆறு மாதச் சிறை. இரண்டாம் முறைக்குக் கடல்கடந்த தோட்டங்களில் ஏழு வருஷம். இன்றைய காரியாலயத்தில் மேலதிகாரியின் புருவம் உயர்வதோடு தண்டனை முடிந்துவிடுவதைப் பார்க்கும்போது நாகரிகம் வளர்ந்திருக்கிறது என்றே சொல்லவேண்டும். கில்ட்டின் நடுவே ஒரு தையலைப் போட்டு, இது கால்சட்டைதான் என்று வாதாடித் தப்பிய சமத்தர்களும் உண்டென்பர். வக்கீல் தொழிலுக்கு ஊசி நூலும் உதவும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றவர்கள் ராஜாவின் சேனையில் இருந்தவர்கள் மட்டுமே. ஆகவே 1782-ல் சட்டம் ரத்தாகும்வரையில், ஸ்காட்லாந்தில் ஓர் ஆடவன் குற்றவாளியாகாமல் கில்ட் உடுத்தவேண்டுமானால் அதை வேலைக்குப் போவதற்காகவே உடுத்தியாகவேண்டும் என்பது அரசாங்கத்தின் கொள்கையாக இருந்தது. மேலதிகாரிகள் இந்த இடத்தை இரண்டு முறை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சேனை வேலையாள் கில்ட்டோடேயே முதல் மகாயுத்தத்தின் பதுங்குகுழிகளிலும் நின்றான். மடிப்புகளில் பேன் குடியேறியது, சேற்றில் ஊறி உறைந்த விளிம்பு முழங்காலை அறுத்தது. 1940-ல்தான் போர்முனையிலிருந்து கில்ட் திரும்ப அழைக்கப்பட்டது.

1782-ல் தடை நீங்கியபோது சாதாரண மலைநாட்டான் கால்சட்டைக்குப் பழகிவிட்டான். கனவான்கள் கில்ட்டுக்குப் பழகத் தொடங்கினார்கள். 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு விஜயம் செய்தபோது, வைபவத்துக்குச் சூத்திரதாரியாக இருந்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். மன்னரின் பருத்த திருமேனிக்கு ஏற்றபடி ஆயிரத்து முந்நூறு பவுனுக்கு மேற்பட்ட செலவில் மலைநாட்டு உடை தயாராயிற்று. கால்களுக்குச் சதை நிறத்தில் இறுக்கமான உறை. பிற்பாடு டேவிட் வில்கி வரைந்த சித்திரத்தில் வயிறு குறைந்திருக்கிறது, கால் உறை காணாமற்போயிருக்கிறது.

ஆனால் என் இருதயத்துக்கு மிகவும் நெருங்கியவர்கள் அந்த விஜயத்துக்குப் பின் வந்த இரண்டு சகோதரர்கள். ஆலன் என்ற குடும்பப் பெயரை விட்டு ஸோபியெஸ்கி ஸ்டூவர்ட் என்று பெயர் பூண்டு, குலோடனில் தோற்ற இளவரசர் சார்லஸின் பேரர்கள் என்று சொல்லிக்கொண்டு, பதினாறாம் நூற்றாண்டுச் சுவடி ஒன்று எங்களிடம் இருக்கிறது என்று அறிவித்து, இன்ன குலத்துக்கு இன்ன கட்டம் என்று வகுக்கும் ‘வெஸ்டியாரியம் ஸ்காட்டிகம்’ என்னும் பெருநூலை 1842-ல் வெளியிட்டார்கள். மூலச் சுவடியைக் காட்டுங்கள் என்றவர்களுக்கு அது கடைசிவரை காட்டப்படவில்லை. வால்டர் ஸ்காட் தம் காலத்திலேயே நம்ப மறுத்தார். எனினும் அந்நூலில் கண்ட 75 கட்டங்களில் பலவற்றை இன்றும் அந்தந்தக் குலத்தார் பக்தியோடு அணிகிறார்கள். நெய்கிறவர்களுக்கும் நஷ்டம் இல்லை. இல்லாத நூலை மேற்கோள் காட்டுவதால் ஒருவருக்கும் தீங்கு நேராது, சில சமயம் ஒரு கைத்தொழிலே பிழைக்கும் என்பது இதனால் பெறப்படும். ஆகையால் நானும் அச்சகோதரர்களின் அடிச்சுவட்டைப் பின்பற்றி, இனி வரும் பகுதிக்கு வேண்டிய பிரமாண நூல்களை நேற்று மத்தியானம் உண்டாக்கிக்கொண்டேன்.

இப்போது பிரதான விஷயமாகிய உட்காருதல். கால்சட்டை அணிந்தவனுக்கு உட்காருதல் ஒரு செய்கை. கில்ட் அணிந்தவனுக்கு அது ஐந்து அங்கங்களையுடைய கிரியை. நாற்காலிக்கு முதுகு காட்டி நிற்பது முதல் அங்கம். இரு கைகளையும் பின்னே கொண்டுபோய்ப் புறங்கையால் மடிப்புகளைத் தொடையோடு தொடையாக வழித்துவிடுவது இரண்டாவது. வழித்த கையை எடுக்காமலே இறங்குவது மூன்றாவது. உட்கார்ந்த கணத்தில் முன் மடலை முழங்கால்களுக்கு நடுவே தாழவிட்டு, ஸ்போரனை அதன்மேல் பாரமாக நிறுத்துவது நான்காவது. ஒன்றுமே நடவாததுபோல் முகத்தை வைத்துக்கொள்வது ஐந்தாவது. பயிற்சி அதிகம் வேண்டப்படுவது இதற்குத்தான்.

இவ்விஷயத்துக்கு ஆதிநூல் ‘ஆசன தீபிகை.’ அதன் முதற் சூத்திரம் ‘வழித்து அமர்க’ என்பது. இவ்விரண்டு சொற்களின்மேல் எழுந்த ‘தீபிகா விருத்தி’ நானூறு பக்கம். வழித்தல் முந்தியதா, அமர்தல் முந்தியதா, இரண்டும் ஏககாலத்தில் நிகழ்வனவா என்று வினவி, வழித்தலே முந்தியது என்று விருத்திகாரர் முடிவு கட்டினார். அதை மறுத்து எழுந்த ‘விருத்தி கண்டனம்’, வழித்தபின் கையை எடுத்துவிட்டு அமர்ந்தால் மடிப்பு மறுபடி கலையும், எடுக்காமல் அமர்ந்தால் கை அடியில் சிக்கும், ஆகவே வழித்தல் என்பது அமர்தலின் பண்பேயன்றித் தனிச் செயல் அன்று என்று சாதித்தது. ‘கண்டன கண்டனம்’ என்னும் நூல் இதற்கு விடையாகத் தர்க்க முறையில் ஓர் அனுமானத்தை நிறுத்திற்று: இம்மனிதன் வழியாது அமர்ந்தவன், அவன் மடிப்புகள் கசங்கியிருத்தலால், எவன் எவன் மடிப்பு கசங்கியவனோ அவன் அவன் வழியாது அமர்ந்தவன், நேற்று நேர்காணலுக்கு வந்தவனைப் போல. நேற்று வந்தவன் ரயிலில் நின்றுகொண்டே வந்தான் என்று எதிர்க்கட்சி நிரூபித்ததும் அனுமானம் உடைந்தது. உடைந்தவர் இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த நிலையில்தான் பாடபேதம் கண்டுபிடிக்கப்பட்டது. சலவைக்காரர் கணக்குப் புத்தகம் ஒன்றின் கடைசிப் பக்கத்தில், ஏழு மேஜோடு நான்கு சட்டை என்பதற்குக் கீழே, பென்சிலால் எழுதிப் பாதி அழிந்த நிலையில், ‘விழித்து அமர்க’ என்று இருந்தது. உடனே ஆராய்ச்சியுலகம் இரண்டாகப் பிளந்தது. எதிரே யார் இருக்கிறார்கள், மேஜைக்கு முன்பலகை உண்டா, ஜன்னல் திறந்திருக்கிறதா என்று விழித்துப் பார்த்த பின்பே அமரவேண்டும் என்பது சூத்திரகாரரின் திருவுள்ளம் என்றும், வழித்தல் என்பது ஏடு எழுதினவன் கைப்பிழை என்றும் விழித்தல்வாதிகள் முழங்கினார்கள். வகரத்தின்மேல் கொக்கி இருந்ததா, அல்லது அது பென்சில் வழுக்கிய கீறலா என்று தீர்மானிப்பதற்காக உருப்பெருக்கிக் கண்ணாடி தருவிக்கப்பட்டது. கண்ணாடியில் கொக்கியோடு சவர்க்காரக் கறையும் தெரியவே, கறையைப் பற்றித் தனியாக ஒரு வியாசம் எழுதப்பட்டு, எழுதியவருக்குப் பட்டமும் கிடைத்தது. மூன்றாவதாகப் ‘பழித்து அமர்க’ என்றும் ஒரு பாடம் சொல்வார்கள். அது கால்சட்டைக்காரர் பாடம். இத்தனை பேருள்ளும் கில்ட் உடுத்தி உட்கார்ந்து பார்த்தவர் ஒருவர்கூட இல்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அனுபவம் நடுநிலைமையைக் கெடுக்கும் என்று அவர்கள் அஞ்சியிருக்கக்கூடும்.

இத்தனைக்கும் சூத்திரகாரர் அறிந்திருந்தது நான்கு கால் மர நாற்காலி. சக்கரம் வைத்த சுழல் நாற்காலியோ வேறு ஜாதி. வழித்துக்கொண்டே இறங்கும்போது அது பின்னே நகர்கிறது. பிடிக்கக் கை இல்லை, இரண்டு கையும் மடிப்பில் இருக்கின்றன. அமர்ந்த பின் அழைக்கிறவர் பக்கம் திரும்பினால் உடல் திரும்புகிறது, உடலுக்கு அடியில் எட்டு கஜத்தில் பெரும்பாகம் பழைய திசையிலேயே தங்கிவிடுகிறது. கைப்பிடியில் ஊசி மாட்டிக்கொள்கிறது. இந்நேரத்தில் ஸ்போரனுக்குள் இருக்கும் கைப்பேசி மணியடிக்கிறது. அதைத் திறந்து துழாவும் காட்சி முக்கியமான கூட்டங்களில் எவ்வாறு பொருள்படும் என்பதை வாசகரின் கற்பனைக்கு விடுகிறேன். வண்டி ஓட்டுகிறவனும் முரசு கொட்டுகிறவனும் ஸ்போரனை இடுப்பின் பக்கமாகத் தள்ளிவிட்டுக்கொள்வது வழக்கம். குமாஸ்தாவும் அதைக் கைக்கொள்ளலாம்.

எஞ்சிய சில்லறை விஷயங்களை விரைவில் முடிக்கிறேன். கீழே விழுந்த பேனா விழுந்ததே. கண்ணாடிப் படிக்கட்டு உள்ள கட்டடத்தில் வேலை ஏற்கலாகாது. உள்ளே என்ன என்னும் சனாதன வினாவுக்கு, வாடகைக்கு எடுப்பவர்களேனும் உள்ளாடை அணிவதே சுகாதாரம் என்று 2010-ல் ஸ்காட்டிஷ் டார்ட்டன்ஸ் அதாரிட்டியின் பொறுப்பாளர் பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். ஆராய்ச்சி அங்கே நின்றது. நிற்காத இடம் வேறு: கில்ட் உடுத்துவதால் உண்டாகும் குளிர்ச்சி சந்தான விருத்திக்கு அனுகூலமாகுமா என்று நெதர்லாந்து தேசத்து அறிஞர் ஒருவர் வினவிய கட்டுரையை ‘ஸ்காட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ 2013-ல் வெளியிட்டது; ஆதாரங்கள் செவிவழிச் செய்திகள் என்று அதன் தலைப்பிலேயே அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். என் ‘ஆசன தீபிகை’யைப் பற்றி இனி யாரும் குறை சொல்லவேண்டாம்.

காரியாலயமே தனக்கென்று ஒரு கட்டத்தை வகுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் 2008-ல் சட்டம் செய்து ஏற்படுத்திய டார்ட்டன் பதிவேட்டில் கம்பெனிகளின் கட்டங்களும் பதிவாகின்றன. பழைய குலங்களுக்கு இருக்கும் உரிமை கணக்குப் பிரிவுக்கும் சரக்குப் பிரிவுக்கும் உண்டு. கடல் கடந்தும் முயற்சி நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்தில் 2000-ல் தொடங்கிய ஒரு கம்பெனி, கம்பளியை விட்டுக் கெட்டிப் பருத்தித் துணியில், சுத்தியல் மாட்ட வளையமும் ஆணி போடப் பையும் வைத்து, தொழிலாளிகளுக்கென்றே கில்ட் தைத்து விற்றது. ராலின்ஸன் பார்த்திருந்தால் கூலி கேட்டிருப்பார். அதே வாஷிங்டன் மாகாணத்துத் தபால்காரர் ஒருவர், நாள் முழுவதும் நடக்கும் தொழிலுக்குக் கால்சட்டை ஒவ்வாது என்று கண்டு, பிளவுபடாத ஆடவர் உடை என்று சபைக்கு ஏற்ற பெயர் ஒன்றையும் அதற்குச் சூட்டி, கைப்பணம் செலவழித்து நாடெங்கும் உள்ள சங்கக் கிளைகளுக்குக் கடிதம் எழுதி, 2008-ல் பாஸ்டனில் கூடிய தபால்காரர் சங்க மாநாட்டில் தீர்மானம் கொண்டுவந்தார். பிரதிநிதிகள் பெருவாரியாக அதைத் தோற்கடித்தார்கள். நடக்கிறவர்களின் சபையிலேயே இந்தக் கதி என்றால், உட்காருகிறவர்களின் சபையில் என்ன ஆகும் என்பதை ஊகிக்கலாம்.

பூர்வபக்ஷங்களையெல்லாம் கேட்டாயிற்று, சித்தாந்தம் இது. வேலைக்கு வசதியாக இருக்கட்டும் என்று வெட்டிக் குறைத்ததாகச் சொல்லப்படும் உடையைக் கல்யாணத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து அணிந்துவிட்டு, வேலைக்குக் கால்சட்டையில் போகிற இன்றைய ஸ்காட்லாந்தானே ஆசாரத்துக்கு விரோதமாக நடப்பவன்; கில்ட்டில் வருகிற குமாஸ்தா தவறாதவன். மேலதிகாரிகள் அவனைத் தடுக்காமல், மேஜைக்கு ஒரு முன்பலகையும் நாற்காலிக்குச் சக்கரமற்ற கால்களும் கொடுத்தால் போதும். ‘வழித்து’, ‘விழித்து’ என்னும் இரு பாடங்களில் எது மெய் என்ற வழக்கில் நான் இரண்டையும் ஏற்கிறேன், இரண்டையும் எழுதியவன் நானாகையால். இக்கட்டுரைக்கு மறுப்பு எழுத விரும்பும் அறிஞர்களை வரவேற்கிறேன். ஆனால் மறுப்பைக் கில்ட் உடுத்தி, சுழல் நாற்காலியில் உட்கார்ந்தே எழுதவேண்டும். நின்றுகொண்டு எழுதிய மறுப்புகள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா.